வீட்டுப் பட்டறையில் மும்முனை மின்சாரம்

தொழிற்சாலைகளிலிருந்து கழிக்கப்பெற்ற பழைய லேத்து இயந்திரமொன்றை விலைக்கு வாங்கி, வீட்டின் பின்கட்டிலே நிறுவி, ஓய்வு நேரங்களில் இரும்பையும் பித்தளையையும் கடைந்து இன்புறுவார் நம் நாட்டிற் பலர் உளர். அவருள் யானும் ஒருவன். இயந்திரத்தை வண்டியிலேற்றி வீடு கொணர்ந்து இறக்கிய பின்னரே இத்தகையோர் ஓர் உண்மையை உணர்கின்றனர். இயந்திரத்தின் மோட்டாரோ மும்முனை மின்சாரத்துக்கென அமைந்தது. பெரும்பாலான சிறு வீடுகளுக்கு வருவதோ ஒருமுனை மின்சாரம். இவ்விரண்டையும் பொருத்துவது எங்ஙனம் என்னும் வினாவுக்கு விடைகாணப் புகுந்து, பொருளிழந்தாரும் உடலூறுற்றாரும் பலர். ஆதலின் மும்முனை மின்சாரத்தின் இயல்பையும், அதனை வீட்டுப் பட்டறையில் முறைப்படி அமைக்கும் வழிகளையும், யான் பட்டறிந்த சிலவற்றையும் ஈண்டுச் சுருங்க எழுதப் புகுகின்றேன்.

மும்முனை மின்சாரமாவது யாது?

நம் நாட்டில் வழங்கும் மாறுதிசை மின்சாரம் ஒரு விநாடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக அலைவது. ஒருமுனை இணைப்பில் ஒரு பேஸ் கம்பியும் ஒரு நியூட்ரல் கம்பியும் உண்டு. அவற்றினிடையே 230 வோல்ட்டு மின்னழுத்தம் நிலவும். மும்முனை இணைப்பிலோ பேஸ் கம்பிகள் மூன்று. மூன்றும் ஒரே அளவினவாய் அலையினும் ஒரே காலத்தில் உச்சத்தை அடைவதில்லை. ஒன்றற்கொன்று ஒரு சுற்றில் மூன்றிலொரு பங்கு, அஃதாவது 120 பாகை, பிந்தி வருகின்றன. இதனால் ஒரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட்டாயின், இரு பேஸ்களுக்கிடையே அதனை 1.732ஆற் பெருக்கிய அளவு, ஏறத்தாழ 400 வோல்ட்டு, நிலவும்.

இதனை நம் இல்லங்களில் முன்னாளில் நிகழ்ந்த ஒரு செயலால் விளக்கலாம். ஒரே உரலைச் சூழ்ந்து மூன்று பெண்டிர் நின்று மாறி மாறி உலக்கை போடும் காட்சியை நினைவு கூர்க. ஒருத்தியின் உலக்கை வீழுங்கால் மற்றொருத்தியின் உலக்கை உயர்கின்றது. மூன்றாமவளுடையது இறங்கத் தொடங்குகின்றது. உரலுக்கு ஓய்வென்பதே இல்லை. ஒருத்தி மட்டும் இடிப்பாளாயின் ஒவ்வோர் இடிக்கும் இடையே ஒரு வெறுமை உண்டாகும். ஒருமுனை மின்சாரம் தரும் ஆற்றலும் இவ்வாறே ஒரு விநாடிக்கு 100 முறை எழுந்து தாழ்கின்றது. மும்முனையில் அவ்வேற்றத்தாழ்வு இல்லை.

கணக்கு விரும்பும் மாணவர் இதனைத் தாமே சோதித்தறியலாம். ஒரு முனை உச்சத்தில் 1 என நிற்கும் கணத்தில் மற்றிரு முனைகளும் எதிர்த்திசையில் 1/2 அளவில் நிற்கும். ஆற்றல் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததாதலின், 1 + 1/4 + 1/4 = 1 1/2. மற்றொரு கணத்தில் ஒரு முனை சுழியாக நிற்க, ஏனைய இரண்டும் 0.866 அளவில் நிற்கும். அவற்றின் வர்க்கம் ஒவ்வொன்றும் 3/4. கூட்டின் மீண்டும் 1 1/2. எக்கணத்தைக் கொள்ளினும் விடை இதுவே. மேலும் முதற்கணத்தில் மூன்றன் அழுத்தங்களையும் திசையோடு கூட்டின் விடை சுழியாதல் காண்க. மூன்று முனைகளிலும் சுமை ஒத்திருப்பின் நியூட்ரலில் மின்னோட்டமே இராமைக்குக் காரணம் இதுவாம். ஆதலால் நெடுந்தொலைவுக்கு மின்சாரம் அனுப்ப மூன்று கம்பிகளே போதும். அதே அழுத்தத்தில், அதே ஆற்றலை, அதே இழப்போடு அனுப்ப ஒருமுனைக்கு வேண்டிய செம்பில் முக்காற்பங்கே இதற்குச் செலவாகின்றது.

சுழலுங் காந்தம்

மோட்டாரின் நிலையான பகுதியில் மூன்று சுருள்தொகுதிகள் வட்டமாக அமைந்துள்ளன. மூன்று முனைகளும் அவற்றினுள் முறையே பாயுங்கால், காந்தப்புலம் ஓரிடத்தில் நில்லாது வட்டமாகச் சுழல்கின்றது. அச்சுழலும் புலம் நடுவிலுள்ள சுழலியில் மின்னோட்டத்தைத் தூண்டி, அதனைத் தன்னுடன் இழுத்துச் செல்கின்றது. சுழலிக்குக் கம்பி இணைப்போ, தேயும் உறுப்போ வேண்டுவதில்லை. நான்கு துருவங்களையுடைய மோட்டாரில் காந்தப்புலம் நிமிடத்துக்கு 1,500 முறை சுழலும். சுழலி சற்றே பிந்தி, ஏறத்தாழ 1,440 முறை சுழலும். எவையேனும் இரு பேஸ் கம்பிகளை இடம் மாற்றி இணைப்பின் சுழற்சி எதிர்த்திசையாகும்.

ஒருமுனை மின்சாரம் தரும் காந்தப்புலமோ சுழல்வதன்று. ஓரிடத்தில் நின்று எழுந்தெழுந்து தணிவது. தையற்காரர் காலால் மிதிக்கும் தையல் இயந்திரம் சில வேளைகளில் மிதித்தும் நகராது நிற்கும். கையாற் சக்கரத்தை ஒருமுறை உந்திவிட்டபின் தானே ஓடும். ஒருமுனை மோட்டாரும் அத்தகையதே. அதற்குத் தொடக்கத்தில் ஓர் உந்துதல் வேண்டும். அதன்பொருட்டே அதில் கெப்பாசிட்டரும் துணைச்சுருளும் வைக்கப்பட்டுள்ளன.

இச்சுழலுங் காந்தத்தின் உண்மையை இத்தாலிய அறிஞர் கலிலியோ பெராரிஸ் 1885இல் ஆய்ந்து 1888இல் வெளியிட்டார். அதே 1888இல் அமெரிக்காவில் நிக்கோலா தெஸ்லா தம் மோட்டாரைக் குறித்து மின்பொறியாளர் அவையில் உரை நிகழ்த்தினார். அடுத்த ஆண்டில் ஜெர்மனியில் தொண்டாற்றிய மிகயீல் தொலிவோ தொப்ரவோல்ஸ்கி என்பார் இன்று பட்டறைதோறும் காணப்படும் மும்முனை மோட்டாரின் வடிவை உருவாக்கினார். 1891இல் லாபன் என்னும் ஊரிலிருந்து பிராங்க்பர்ட் கண்காட்சிக்கு 175 கிலோமீட்டர் தொலைவு மும்முனை மின்சாரம் அனுப்பப்பட்டபோது உலகின் ஐயம் நீங்கிற்று. நம் நாட்டில் நீலகிரியின் பைக்காரா நீர்வீழ்ச்சி மின்சாரம் 1930களில் கோயம்புத்தூர்ச் சமவெளிக்கு இறங்கி, ஆங்குள்ள ஆலைகளையும் கிணற்றுப் பம்புகளையும் இயக்கிய வரலாறு பலரும் அறிந்ததே.

செய்யத்தகாத ஒன்று

இனி, வீட்டுக்கு மும்முனை பெறும் வழிகளை ஆராய்வோம். அதற்குமுன் செய்யத்தகாத வழியொன்றைக் கூறவேண்டுவது என் கடமை. ஒருமுனை வீட்டிற் குடியிருந்தபோது, நண்பரொருவர் எனக்கு ஓர் எளிய உபாயம் சொன்னார்: “தெருக் கம்பத்தில் மூன்று பேஸும் ஓடுகின்றன. உம் வீட்டுக்கு ஒன்று, வலப்பக்கத்து வீட்டுக்கு ஒன்று, இடப்பக்கத்து வீட்டுக்கு ஒன்று. இருவரிடமும் சொல்லி ஒவ்வொரு கம்பி இழுத்துவிட்டால் மூன்றும் கைக்கு வந்துவிடுமே!”

சொல் இனிது, செயலோ கொடிது. பிறர் இணைப்பிலிருந்து மின்சாரம் இழுப்பது சட்டத்துக்கு மாறானது என்பது ஒருபுறமிருக்க, உயிர்க்கேடு அதனினும் பெரிது. வீட்டின் மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டுப் பழுது பார்க்க வருபவன், வீட்டில் மின்சாரமே இல்லையென்று நம்பிக் கம்பியைத் தொடுவான். அண்டை வீட்டிலிருந்து வரும் இரு கம்பிகளோ உயிருடனிருக்கும். தொட்டவன் பிழைப்பது அரிது. இவ்வுபாயத்தை ஒருபோதும் கைக்கொள்ளற்க.

இங்ஙனமே நியூட்ரலுக்குப் பதிலாக எர்த் கம்பியைப் பயன்படுத்துவதும் பெரும் பிழையாம். அவ்வாறு செய்யின், எர்த் இணைப்பு தளர்ந்த கணத்தில் அதனோடு இணைந்த இயந்திரங்களின் உடலெல்லாம் மின்னேறி நிற்கும்.

நேர்வழி

நேர்வழியாவது மின்வாரியத்திடம் விண்ணப்பித்து மும்முனை இணைப்பையே பெறுதல். பட்டறையை வருவாய்த் தொழிலாக நடத்துவார் அதற்குரிய கட்டண வகையிலேயே இணைப்புப் பெறல் வேண்டும். வீட்டு இணைப்பில் தொழில் நடத்துதல் முறையன்று. உள்வேலைகளை உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரரைக்கொண்டே செய்வித்தல் வேண்டும்.

இவ்வழியிலும் கருதவேண்டுவன இரண்டு உள. முதலாவது நியூட்ரலின் உறுதி. ஒரு பேஸில் 100 வாட்டு விளக்கும், மற்றொரு பேஸில் 1,000 வாட்டு அடுப்பும் எரிகின்றன எனக் கொள்வோம். நியூட்ரல் கம்பி அறுந்துவிடின் இவ்விரண்டும் 400 வோல்ட்டின் குறுக்கே வரிசையாய்த் தொடுக்கப்பட்டனவாகும். விளக்கின் தடை ஏறத்தாழ 529 ஓம். அடுப்பின் தடை 52.9 ஓம். ஆகவே அடுப்புக்குக் கிட்டுவது 36 வோல்ட்டே. விளக்கின்மேற் பாய்வதோ 364 வோல்ட்டு. விளக்கு நொடியில் வெடித்துப்போம். விளக்கிருந்த இடத்தில் விலையுயர்ந்த கருவியொன்று இருந்திருப்பின் அதன் கதியும் அதுவே. ஆதலால் நியூட்ரலில் பியூஸ் வைத்தலும், அதன் முடுக்காணியைத் தளரவிடலும் கூடா.

இரண்டாவது, ஒரு பேஸ் மட்டும் அற்றுப்போதல். இதனை யான் என் சொந்த நட்டத்தால் அறிந்தேன். மும்முனை இணைப்புள்ள வாடகை வீடொன்றில் என் லேத்தை முதன்முதலாக நிறுவியபொழுது, ஸ்டார்டரிலுள்ள மிகுசுமைத் தடுப்பு அடிக்கடி மோட்டாரை நிறுத்திற்று. அதன் காரணத்தை ஆராயப் பொறுமையின்றி, அதனைத் தவிர்த்துக் கம்பியை நேரே இணைத்துவிட்டேன். ஒருநாள் பொத்தானை அழுத்தியதும் மோட்டார் சுழலாது உறுமிற்று. கையால் சக்கைச் சற்றே திருப்பினேன்; ஓடத்தொடங்கியது. “சரியாயிற்று” என்று மகிழ்ந்து வேலையைத் தொடர்ந்தேன். கால்மணி நேரத்துக்குள் வார்னீஷ் கருகும் நாற்றம் எழுந்தது, அதன்பின் புகை, அதன்பின் அமைதி.

நிகழ்ந்தது இதுவே: ஒரு பேஸின் பியூஸ் கட்டையில் கம்பி எரிந்து போயிருந்தது. எஞ்சிய இரண்டு பேஸ்கள் ஒருமுனை மின்சாரத்துக்குச் சமம். அதனாற்றான் மோட்டார் தானே எழாது, கை உந்தியபின் ஓடிற்று. மூன்று சுமக்க வேண்டிய சுமையை இரண்டு சுமந்தமையால் அக்கம்பிகளில் மின்னோட்டம் ஏறத்தாழ 1.73 மடங்காயிற்று, சுருள்கள் வெந்தன. மிகுசுமைத் தடுப்பு இருந்திருப்பின் அது மோட்டாரை நிறுத்திக் காத்திருக்கும். அதனை நீக்கியவன் யானே. பழி வேறெவர்க்கும் உரித்தன்று.

ஒருமுனையிலிருந்து மும்முனை

மும்முனை இணைப்புப் பெற இயலாதார்க்கு மூன்று வழிகள் உள.

முதலாவது, கெப்பாசிட்டர் மட்டுமுள்ள நிலைமாற்றி. இது மோட்டாரைத் தொடக்கத்தில் உந்திவிட்டு விலகிக்கொள்ளும்; அதன்பின் மோட்டார் ஒருமுனையிலேயே ஓடும். விலை குறைவு. ஆயின் மோட்டாரின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே கிட்டும். சிறிது நேரம் ஓடும் துளையிடும் இயந்திரத்துக்கு இது பொருந்தும். நெடுநேரம் சுமையோடு ஓடும் லேத்துக்குப் பொருந்தாது.

இரண்டாவது, சுழல்மாற்றி. வேறொரு மும்முனை மோட்டாரை ஒருமுனை மின்சாரத்தில் வெறுமனே ஓடவிட்டால், அதன் சுழலி மூன்றாவது சுருளில் மின்னழுத்தத்தைத் தானே தோற்றுவிக்கும். அம்மூன்று கம்பிகளிலிருந்தும் பட்டறை இயந்திரங்களை இயக்கலாம். வெறுமனே ஓடும் மோட்டார், பட்டறையிலுள்ள மிகப்பெரிய மோட்டாரினும் ஒன்றரை மடங்கேனும் பெரிதாயிருத்தல் நலம். மூன்று முனைகளும் ஒத்த அழுத்தமுடையனவாக ஆங்காங்கே கெப்பாசிட்டர்கள் சேர்த்தல் வேண்டும். பல இயந்திரங்கள் உள்ள பட்டறைக்கு இது ஏற்றது. இரைச்சலும், வீணே செலவாகும் மின்சாரமும் இதன் குறைகள்.

மூன்றாவது, இக்காலத்தில் பெரிதும் வழங்கும் மின்னணு டிரைவ். இது 230 வோல்ட்டு மாறுதிசை மின்சாரத்தை முதலில் நேர்திசை மின்சாரமாக்கி, ஏறத்தாழ 325 வோல்ட்டு அளவில் கெப்பாசிட்டர்களிற் சேமித்து, பின்னர் அதனை மிகச் சிறு துண்டுகளாக வெட்டி மூன்று முனைகளாக வெளியிடுகின்றது. வெளிவரும் மின்சாரத்தின் அலைவெண்ணை நாம் விரும்பியவாறு மாற்றலாம். அதனால் மோட்டாரின் வேகமும் மாறும். பல்சக்கரங்களை மாற்றாமலே, பொருளுக்கேற்ற வேகத்தில் கடைவது எத்துணை இன்பமென்பதை அனுபவித்தவரே அறிவர்.

டிரைவ் அமைப்பாருக்குச் சில குறிப்புகள்

ஒன்று: ஒருமுனை 230 வோல்ட்டில் இயங்கும் சாதாரண டிரைவ் மும்முனை 230 வோல்ட்டையே தரும், 400 வோல்ட்டைத் தாராது. ஆதலின் மோட்டாரின் பெயர்த்தகட்டை முதலிற் படிக்க. 230 வோல்ட்டு டெல்டா, 400 வோல்ட்டு ஸ்டார் என்று அதில் இருப்பின், முனைப்பெட்டியிலுள்ள தகடுகளை ஸ்டாரிலிருந்து டெல்டாவுக்கு மாற்றினாற் போதும். பெட்டியில் ஆறு முனைகளுக்குப் பதிலாக மூன்றே வெளிவந்திருப்பின், ஸ்டார் முடிச்சு உள்ளே புதைந்துள்ளது என்று கொள்க. மோட்டார் காயில் கட்டும் தொழிலாளர் அதனைத் திறந்து ஆறு முனைகளையும் வெளியே கொணர வல்லார். 400 வோல்ட்டே டெல்டாவுக்குரியதென்று தகட்டில் இருப்பின், அம்மோட்டார் இத்தகைய டிரைவில் முழு ஆற்றல் தாராது.

இரண்டு: 2 குதிரைத்திறன் மோட்டார் மும்முனை 400 வோல்ட்டில் ஏறத்தாழ 3.5 ஆம்பியர் எடுக்கும். 230 வோல்ட்டு டெல்டாவில் 6 ஆம்பியர் எடுக்கும். ஆனால் டிரைவ் ஒருமுனைப் பக்கத்தில் 14 ஆம்பியர் அளவு இழுக்கக்கூடும். சாதாரண விளக்கு வயரில் இதனை மாட்டலாகாது. மெயினிலிருந்து தனியே 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரும், அதற்குரிய தனிக் காப்புச் சுவிட்சும் வேண்டும்.

மூன்று: டிரைவுக்கும் மோட்டாருக்கும் இடையே சுவிட்ச் எதுவும் இருத்தலாகாது, ஓடும்போது அதனைத் திறப்பின் டிரைவ் பழுதாகும். லேத்திலுள்ள முன்பின் கைப்பிடியை டிரைவின் கட்டளைக் கம்பிகளுடன் இணைத்துக்கொள்க.

நான்கு: டிரைவை நிறுத்திய பின்னரும் உள்ளிருக்கும் கெப்பாசிட்டர்களில் உயிர்கொல்லும் மின்னழுத்தம் சில நிமிடங்கள் தங்கியிருக்கும். அதனைச் செய்தோர் குறித்துள்ள நேரம் கழியும்வரை மூடியைத் திறவற்க. திறந்தபின்னும் மானியால் அளந்தறிந்தே தொடுக.

ஐந்து: மோட்டாரைக் குளிர்விக்கும் விசிறி அதன் அச்சிலேயே உள்ளது. வேகம் குறையுங்கால் காற்றும் குறையும். மெதுவாக நெடுநேரம் கனத்த வேலை செய்யின் மோட்டார் சுடும். அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொள்க.

ஆறு: இது மிக இன்றியமையாதது. பழைய லேத்துகளிற் பலவற்றில் சக் மரையால் திருகி மாட்டப்பட்டிருக்கும். டிரைவின் உதவியால் மோட்டாரைத் திடீரென நிறுத்தினாலும் திருப்பினாலும், சக் தன் வேகத்தால் மரையினின்றும் கழன்று எகிறும். கையையோ காலையோ அது முறித்துவிட வல்லது. ஆதலின் வேகம் ஏறுதற்கும் இறங்குதற்கும் சில விநாடிகள் அமைத்து வைக்க. அத்தகைய லேத்தில் எதிர்த்திசைச் சுழற்சியை விலக்குக.

காப்புகள்

எவ்வழியைக் கைக்கொள்ளினும் பொதுவான காப்புகள் சில உண்டு. நம் நாட்டு விதிப்படி 250 வோல்ட்டுக்கு மேற்பட்ட மோட்டாரின் உடலை இரண்டு தனித்தனி எர்த் கம்பிகளால் இணைத்தல் வேண்டும். மின்கசிவுக் காப்பு அமைக்க. டிரைவோடு ஒத்து இயங்கும் வகையைக் கேட்டு வாங்குக. அடிக்கடி விழுகின்றதென்று அதனை நீக்கற்க. மின்சாரம் நின்று மீண்டும் வருங்கால் இயந்திரம் தானே ஓடத்தொடங்காதவாறு அமைத்தல் வேண்டும். லேத்தினுள் கைவைத்திருக்கும் வேளையில் மின்சாரம் திரும்பினால் விளைவு என்னாகும் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. சிவந்த நிறுத்தப் பொத்தான் ஒன்று கைக்கெட்டும் இடத்தில் இருத்தல் வேண்டும்; அது சக்கைத் தாண்டிக் கைநீட்டும் இடத்தில் இருப்பின் பயனில்லை.

முதன்முறை இயக்குங்கால் சக்கையும் வேலைப்பொருளையும் கழற்றிவிட்டே இயக்குக. அதற்குமுன் நெடுநாள் கிடந்த மோட்டாராயின், டிரைவை இணைக்காதபொழுதே, சுருளுக்கும் உடலுக்கும் இடையே காப்புத்தடையை மெக்கரால் அளந்து காண்க. அது ஒரு மெகோமுக்குக் குறையின் ஈரம் நீங்க உலர்த்தி மீண்டும் அளக்க. பின்னர் ஒரு கணம் மட்டும் ஓடவிட்டுச் சுழலும் திசையை நோக்குக. மாறாயிருப்பின் மின்சாரத்தை நிறுத்தி, மோட்டாருக்குச் செல்லும் இரு கம்பிகளை இடம் மாற்றுக.

மாணவ அன்பர்காள்! பௌதிக வகுப்பில் 120 பாகை என்று படித்துத் தேர்வில் எழுதிவிட்டு மறந்துபோகும் ஒரு செய்தியே, பட்டறையில் ஒரு மனிதனின் விரல்களையும் அவன் சேமித்த பொருளையும் காப்பதாய் அமைகின்றது. காரணமின்றி எக்காப்பும் விழுவதில்லை. விழுந்தால் அது நம்மிடம் ஏதோ சொல்லுகின்றது; அதன் வாயை அடைத்தல் அறிவுடைமையன்று. என் மூடத்தனத்தால் வெந்த அந்த மோட்டாரின் கருகிய சுருளைப் பட்டறைச் சுவரில் ஸ்டார்டருக்கு மேலே ஆணியடித்துத் தொங்கவிட்டிருக்கின்றேன். ஒவ்வொரு நாளும் பொத்தானை அழுத்துமுன் என் கண் அதன்மேற் செல்கின்றது; அதன்பின்னரே என் விரல் பொத்தானுக்குச் செல்கின்றது.